தன்னை மதித்தலும் தன்னை ஆராய்தலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாணவர் பரிசளிப்பின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இவ்வவையில் நம் முன்னோர் பெருமையைப் பேசுதல் வழக்கமாக இருந்து வருகின்றது. இவ்வாண்டு அதனைச் சற்றே ஒதுக்கி, ஒவ்வொருவரும் தம்மைத் தாம் எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பது பற்றிச் சில கூற விரும்புகின்றேன். செயலாளர் அவர்கள் எனக்குத் தந்த தலைப்பு 'ஆன்ம விசாரம்' என்பது. யான் பள்ளி ஆசிரியன்; யோகியல்லேன். ஆதலின் வகுப்பறைக்கும் வீட்டிற்கும் பயன்படும் அளவில் அவ்விசாரத்தைச் செய்யப் புகுகின்றேன்.

முதற்கண் ஒரு சொல்லை நோக்குவோம். தமிழ் இலக்கணத்தில் பேசுவோனைக் குறிக்கும் இடத்திற்குத் 'தன்மை' என்பது பெயர். ஒரு பொருளின் இயல்பிற்கும் 'தன்மை' என்பதே பெயர். தீயின் தன்மை சுடுதல். நீரின் தன்மை குளிர்தல். 'நான்' என்று வாய் திறப்பவன் தன் இயல்பைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் குறிப்பை இச்சொல்லிற் காணலாம். ஆனால் 'நான்' என்று தொடங்கி நாம் சொல்லுவன யாவை? 'நான் இன்னாருடைய மகன்', 'இன்ன குலத்தவன்', 'இன்ன உத்தியோகத்தில் உள்ளவன்', 'இத்தனை மதிப்பெண் பெற்றவன்' என்பனவேயன்றோ? இவற்றுள் எதுவும் பொய்யன்று. எனினும் இவையாவும் பிறரைச் சார்ந்து நிற்பன. படர்க்கையில் வைக்கத்தக்க செய்திகளைத் தன்மையில் ஏற்றிச் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

சில ஆண்டுகட்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தம்மைப் பற்றிப் பத்து வரி எழுதுமாறு பணித்தேன். பெரும்பாலார் தந்தையின் பெயர், தொழில், தெரு, தேர்வில் எடுத்த எண் ஆகியவற்றோடு நின்றுவிட்டனர். ஒரு மாணவன் நான்காம் வரிக்குமேல் எழுதாது தலைகுனிந்திருந்தான். காரணம் வினவியபோது, "ஐயா, நான் எல்லாப் பாடத்திலும் குறைந்த எண்தான், எழுத ஒன்றுமில்லை" என்றான். நோயுற்ற பாட்டியைக் காலையில் நீராட்டி உணவூட்டிவிட்டே அவன் பள்ளிக்கு வருபவன் என்பது வகுப்பிற்கே தெரியும். அச்செயலைத் தன்னைப் பற்றிய செய்தியாக எழுதலாம் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்கு அதனைக் கற்பித்தவர் எவருமிலர்.

மதிப்பைப் பிறரிடமிருந்து இரவல் பெறுதலால் இரண்டு நோய்கள் விளைகின்றன. ஒன்று தாழ்வுணர்ச்சி, மற்றொன்று செருக்கு. இரவல் நகை அணிந்து மணவீட்டிற்குச் செல்வார் இருவரைக் காண்மின். ஒருவர் அது தொலைந்துபோமோ என அஞ்சிக் கழுத்தையே தடவிக்கொண்டிருப்பார். மற்றொருவர் தமதே போலக் காட்டித் திரிவார். இருவர்க்கும் நகை சொந்தமன்று. எண் குறைந்தமையால் உயிரே வேண்டாம் என்று எண்ணும் இளைஞனும், குலத்தின் பழம்பெருமையைச் சொல்லி அயலானை எள்ளும் இளைஞனும் இவ்வகையில் ஒரு நிலையினரே. இக்காலத்துக் கைப்பேசி இவ்விரவலைப் பெருக்கிவிட்டது. பிறர் தம் நன்னாட்களை மட்டும் தெரிந்தெடுத்துக் காட்ட, அவற்றைத் தம் எல்லா நாட்களோடும் ஒப்பிட்டு வாடுகின்றனர் நம் பிள்ளைகள்.

இந்நோய்க்கு மருந்து யாது? நம் தென்னாட்டுப் பெரியோர் மூவர் கண்ணாடியொன்றை முன்வைத்து அதனை நமக்குக் காட்டிச் சென்றுள்ளனர்.

அவருள் முதல்வர் அய்யா வைகுண்டர். 1809-ஆம் ஆண்டில் தென் திருவிதாங்கூரில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள சுவாமித்தோப்பை அடுத்த இடத்தில் பிறந்தவர். பெற்றோர் அவர்க்கிட்ட பெயர் முடிசூடும் பெருமாள். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைக்கு முடி என்னும் சொல் அமைந்த பெயர் ஆகாதென மேற்குலத்தார் தடுத்தமையால், அப்பெயர் முத்துக்குட்டி என மாற்றப்பட்டது. பெயரளவிலும் முடிசூடக் கூடாதென விலக்கப்பட்ட அவர், பின்னாளில் தம்மைப் பின்பற்றிய ஆடவர் அனைவரும் தலைப்பாகை அணிந்து வழிபடுமாறு செய்தார். சுவாமித்தோப்பின் பள்ளியறையில் உருவச்சிலை இல்லை. கண்ணாடி ஒன்று நிற்கின்றது. அதன்முன் விளக்குகள் எரிகின்றன. வழிபடச் செல்பவன் காண்பது தலைப்பாகை சூடிய தன் முகத்தையே. ஊரார் இழிந்ததென்று சொல்லிய அம்முகம் இறைவன் உறையும் இடம் என்பதனை, நூல் கல்லாதாரும் ஒரு நொடியில் உணர்ந்தனர். தன்மதிப்பின் முதற்பாடம் இஃதாம்: உன் மதிப்பு எவரும் கொடுத்ததன்று, ஆதலின் எவராலும் பறிக்கத்தக்கதும் அன்று.

இரண்டாமவர் 1823-ஆம் ஆண்டில் மருதூரில் தோன்றிய இராமலிங்க வள்ளலார். சென்னையில் வாழ்ந்த இளமைப் பருவத்தில், மேல்மாடி அறையிலே கண்ணாடி ஒன்றை வைத்து, அதன்முன் விளக்கேற்றித் தியானித்தார் என்றும், அக்கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டார் என்றும் அவர் வரலாறு கூறும். கண்ணாடியிற் கண்ட காட்சி அவரை அவ்வறையிலேயே இருத்தி வைக்கவில்லை. 1867-ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி, வந்தவர் குலம் யாதென வினவாது அன்னமிடச் செய்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. 1872-ஆம் ஆண்டில் அமைந்த சத்திய ஞானசபையில் ஏழு திரைகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சோதியைக் காட்டுவர். அத்திரைகளை அறியாமையின் திரைகள் என்பர் அறிஞர். இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் இரண்டாம் பாடம் விளங்கும்: தன்னை மெய்யாக ஆராய்ந்தவன் அயலானின் பசியைக் காணாது இருக்கமாட்டான். தன் அறையோடு முடியும் ஆன்ம விசாரம் பாதி விசாரமேயாம்.

மூன்றாமவர் மலையாள நாட்டின் ஸ்ரீ நாராயண குரு. 1888-ஆம் ஆண்டில் நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவமாக அருவிப்புரத்தில் நிறுவிய அவர், 1927-ஆம் ஆண்டில் சேர்த்தலையை அடுத்த களவங்கோடத்தில் கண்ணாடியையே நிறுவினார். அதில் 'ஓம் சாந்தி' என்னும் எழுத்துக்கள் விளங்கும். தன் முகமும் சாந்தி என்னும் சொல்லும் ஒருங்கே தோன்றும் அக்கண்ணாடியின்முன், சினந்த முகத்தோடு ஒருவன் எத்துணை நேரம் நிற்றல் கூடும்?

இக்குருவின் வாழ்வில் நம்மையொத்த சங்கத்தார் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1903-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்திற்கு அவரே தலைவராக விளங்கினார். கல்விக்கும் தொழிலுக்கும் வழிபாட்டு உரிமைக்கும் அவ்யோகம் ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் 1916-ஆம் ஆண்டில், அதனுள் ஜாதி அபிமானம் பெருகி வருவதைக் கண்டு வருந்தி, தாம் அதனை விட்டு விலகுவதாக டாக்டர் பல்புவுக்குக் கடிதம் எழுதினார். தாம் எந்த ஒரு ஜாதியையும் சேர்ந்தவரல்லர் என அவ்வாண்டிலேயே அறிவிக்கவும் செய்தார். தாழ்த்தப்பட்டோர் நிமிர்ந்து நிற்கவே அவர் துணைசெய்தார். நிமிர்ந்தவர் பிறரைக் கீழ்நோக்கத் தொடங்கும் இடத்தில் அவர் உடன் நிற்கவில்லை.

சங்கங்கள் வேண்டாம் என்று யான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. இச்சங்கத்தின் உதவித்தொகையால் பட்டம் பெற்றோர் இவ்வவையிலேயே பலர் அமர்ந்துள்ளனர். நாம் ஆராயவேண்டுவது, சங்கம் நமக்கு ஊன்றுகோலாக இருக்கின்றதா, இரவல் நகையாக இருக்கின்றதா என்பதே. திருக்குறளில் குடிமை என்னும் அதிகாரத்தின்பின் மானம், பெருமை, சான்றாண்மை, பண்புடைமை என்பன முறையே நிற்கின்றன. குடிப்பிறப்பைப் படியாகக் கொண்டு பண்புக்கு ஏறுக என்பதே இவ்வைப்பு முறையால் யான் பெறும் பொருள். படியிலேயே பாய்விரித்துப் படுத்துக்கொள்வார் மாடிக்குச் செல்வது எங்ஙனம்?

இனி, நாள்தோறும் இதனைக் கைக்கொள்ளும் வகையைச் சுருங்கக் கூறுவேன். வணிகர் பலர் இங்கு உள்ளீர்கள். அன்றன்றை வரவு செலவைச் சிட்டையில் எழுதிப் பேரேட்டில் ஏற்றுகின்றீர்கள். நட்டம் வந்த நாளில் கணக்கை மறைப்பதுமில்லை, கடையைக் கொளுத்துவதுமில்லை. தன்னை ஆராய்தலும் இவ்வாறே ஆகல் வேண்டும். இரவில் உறங்குமுன் கண்ணாடியின் முன்னரோ விளக்கின் முன்னரோ சிறிது நேரம் அமைதியாக நின்று மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்க. இவ்வுடலை இன்று இறைவன் தந்த பொருளாகப் பேணினேனா? எவரும் காணாத இடத்தும் என் தொழிலைச் செவ்வையாகச் செய்தேனா? இன்று எவருடைய முகத்தையேனும் என் சொல்லால் வாடச் செய்தேனா? உடலும் தொழிலும் உறவும் இம்மூன்றனுள் அடங்குதலின், வாழ்வு முழுவதும் இக்கணக்கில் வந்துவிடும். விடை நன்றாயின் செருக்கற்க. தீதாயின் தன்னை வெறுக்கற்க. நாளைய பக்கம் வெறுமையாகவே இருக்கின்றது.

மாணவச் செல்வங்களே! இன்று நீங்கள் பெறும் பரிசு உங்கள் உழைப்பிற்குரியது. அதனை மகிழ்ந்து பெறுக. ஆனால் பரிசு பெறாது கீழே அமர்ந்திருக்கும் உங்கள் தோழர் மதிப்புக் குறைந்தவர் என எண்ணற்க. பெற்றோர்களே! தேர்வின் முடிவு வரும் நாளில், எத்தனை எண் என்று கேட்குமுன், உணவு உண்டாயா என்று கேளுங்கள். அவ்வொரு கேள்வி, தான் எண்ணைவிடப் பெரியவன் என்பதைப் பிள்ளைக்கு உணர்த்திவிடும்.

நிறைவாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். 'நாங்கள்' என்பது கேட்போனை விலக்கி நிற்கும்; 'நாம்' என்பது கேட்போனையும் உளப்படுத்தும். இவ்வேறுபாட்டைப் பேச்சு வழக்கிலும் போற்றும் மொழி நம் மொழி. இதுகாறும் நம் சங்கம் 'நாங்கள்' என்றே பேசி வந்துள்ளது. எழுந்து நிற்கும் காலத்தில் அது வேண்டியிருந்தது. இனி 'நாம்' என்று பேசத் தொடங்குதல் வேண்டும். அதற்கு அடையாளமாக, வரும் ஆண்டு முதல் இம்மேடையில் ஒரு பரிசு மதிப்பெண்ணும் குலமும் கேளாமல் அளிக்கப்படுக. முதியோரைப் பேணிய பிள்ளைக்கோ, நோயுற்ற தோழனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கோ அது செல்லட்டும். அப்பிள்ளை எத்தெருவினனாயினும் ஆகுக. என் ஊதியத்திலிருந்து அதன் முதற்பங்கைத் தர யான் ஒருப்படுகின்றேன். பிறர் மதிப்பைப் போற்றும் சங்கமே தன் மதிப்பை அறிந்த சங்கமாகும்.