கோரம் சேராத கூட்டம்

அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம் என்றால் ஆளே வரமாட்டார்கள் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவிலும் இதே கதைதான்.

கலிஃபோர்னியாவில் வீட்டு உரிமையாளர் சங்கத் தேர்தலில் கூட்டத்துக்கு வராமல் தபாலில் வாக்களிப்பவர், சீட்டை ஓர் உறையில் போட்டு ஒட்டவேண்டும். அதில் பெயர் கூடாது. அதை இன்னோர் உறைக்குள் வைத்து, இடதுபக்க மேல் மூலையில் பெயர், விலாசம், கையெழுத்து. வெளி உறை ஆளைச் சொல்லும். உள் உறை வாயே திறக்காது!

அந்த உறை தேர்தல் அதிகாரி கைக்குப் போய்விட்டால், நீங்கள் கூட்டத்துக்கு வந்ததாகவே கணக்கு. வீட்டில் படுத்துத் தூங்கினாலும் கோரத்தில், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையில், நீங்களும் ஒருவர்.

அப்படியும் பல சங்கங்களில் கோரம் தேறுவதில்லை. தேர்தல் நடக்காது, பழைய நிர்வாகிகளே தொடர்வார்கள். சிலருக்கு அது சௌகரியம்தான்!

2024 ஜனவரி 1 முதல் சட்டம் ஒரு வழி செய்தது. கோரம் சேராவிட்டால் கூட்டத்தை ஒத்திவைத்து, குறைந்தது 20 நாள் கழித்துக் கூட்டலாம். அப்போது 100க்கு 20 பேர் போதும். ஆனால் இது நிர்வாகிகள் தேர்தலுக்கு மட்டும். உறுப்பினர் ஒப்புதலோடு பெருந்தொகை வசூலிக்க வேண்டுமானால், பாதிப் பேருக்கு மேல் வாக்களித்தே ஆகவேண்டும்.