ஒரு நடையின் கதை



ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் செல்வோர் கித்துல்கலயைக் கடந்து போவார்கள். நமது மலைகளிலிருந்து இறங்கும் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்றாகி, களனி கங்கையாக அங்கே ஓடுகின்றன. டேவிட் லீன் இயக்கிய 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே பெரிய மரப்பாலம் கட்டி, 1957இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். நான் பேச விரும்புவது படத்தில் நடித்த அலெக் கின்னஸைப் பற்றி.

1914இல் இலண்டனில் பிறந்த கின்னஸ், விளம்பர நிறுவனமொன்றில் வேலை பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர். 1938இல் ஓல்ட் விக் குழுவின் மேடையில் ஹம்லெட்டாக நடித்தார். 1949இல் வெளியான 'கைண்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரோனெட்ஸ்' படத்தில் ஒரே குடும்பத்தின் எட்டுப் பேராகவும் அவரே தோன்றினார். அவர்களுள் ஒருவர் பெண். தன்னை மறைத்துக்கொண்டு பாத்திரத்தை முன்னே நிறுத்திய குணசித்திர நடிகர் அவர்.

கித்துல்கலயில் அவர் ஏற்றது, ஜப்பானியரிடம் சிறைப்பட்ட கேணல் நிக்கல்சன் வேடம். வெயிலில் கொதிக்கும் கூண்டில் அடைபட்டிருந்தவர் வெளியே வந்து மைதானத்தைக் கடக்கிறார். கால்கள் தள்ளாடுகின்றன, உடல் மட்டும் நிமிர முயல்கிறது. இளம்பிள்ளை வாதத்திலிருந்து தேறிவந்த தம் மகனின் நடையையே கின்னஸ் அங்கே நடந்து காட்டினார். அந்தப் பாத்திரம் அவருக்கு ஒஸ்கார் விருதைப் பெற்றுத் தந்தது.

ஆனால், நேயர்களே, அதே பர்மா - சயாம் ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். நமது வாசலில் எடுத்த படத்தில் அவர்களுடைய கதை இல்லை. அதற்காகக் கின்னஸைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தம் வீட்டில் கண்டதை நடித்தார். நம் வீட்டில் உள்ளதை நாம்தானே நடிக்க வேண்டும்?

ஒருமுறை தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கினேன். கிழவராக வந்த மாணவன், சினிமாவில் பார்த்தபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"தம்பி, ஒங்க தாத்தா எப்படி நடப்பாரு?" என்று கேட்டேன்.

"தெரியல சேர்" என்றான். ஒரே லயக் காம்பிராவில் வாழ்பவன்!

மறுநாள், வலது தோள் சரிய, விரல்கள் முழுதாக விரியாமல் நடந்துவந்தான். நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டிய உடம்பு அது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிப்போனார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார்.