ஆராய்ந்து வாங்குவதே சிக்கனம்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சொல்வல்லார்களே, சேர்வராயன் மலையின் குளிரையும் பொருட்படுத்தாது இந்நேரம் வரை அமர்ந்திருக்கும் அவையோரே!

குறைந்த செலவில் மேசைக் கணினி அமைப்போர், அதற்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஆராய்ந்து தேர்ந்து வாங்கும் வழக்கம் பயனுடையதா, வீண் பிரயாசையா என்பதே இன்றைய வழக்கு. வீண் என்று முழங்கிச் சென்ற எதிரணி நண்பர் மூன்று வாதங்களை வைத்தார்: கேபினட்டோடு சேர்ந்து வருகிற பெட்டியே ஏழைக்குப் போதும் என்றார், யு.பி.எஸ். வாங்கி வைத்தவனுக்கு அச்சம் எதற்கு என்றார். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் எந்தப் பெட்டி சூடேறிக் கெடப் போகிறது என்றும் கேட்டார். கைதட்டல் அவருக்கு நிறையக் கிடைத்தது. நியாயம் எவ்வளவு கிடைத்தது என்பதை நாம் பார்ப்போம்.

முதலில் குளிரை எடுத்துக்கொள்கிறேன். வெப்பம் பத்து டிகிரி கூடுந்தோறும், பெட்டிக்குள் மின்னைச் சேமிக்கும் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பது மின்னணுத் தொழிலில் யாவரும் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆகையால் சேலத்து வெயிலில் வேகும் பெட்டியைவிட இம்மலைமேல் உள்ள ஏற்காட்டுப் பெட்டிக்குச் சற்று நற்பேறு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இம்மலையின் பகை வெயிலன்று; இடியும் மின்னலும், மூடுபனியின் ஈரமும், நிலையில்லாத மின்னழுத்தமுமே ஆகும். 1937 முதல் மின்சாரம் தரும் மேட்டூர் நமக்கு நெடுந்தொலைவு அன்று. ஆயினும் காட்டுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் கம்பி கட்டி வருகிற கரண்டு, சித்திரை, வைகாசி மழையில் சில்வர் ஓக் கிளையொன்று முறிந்து விழுந்தால் போய்விடுகிறது. மீண்டும் வரும்போது சாதுவாக வருவதில்லை. அவ்வேளையில் பாய்ந்து வரும் மிகை அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள, நல்ல பெட்டியின் வாயிலிலேயே வேரிஸ்டர் என்னும் சிறு வட்ட வில்லையும், மின் இரைச்சலை வடிகட்டும் செம்புக் கம்பிச் சுருளும் வைத்திருப்பார்கள். மலிவுச் சரக்கு ஒன்றைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: அவற்றுக்குரிய துளைகள் பலகையில் இருக்கும், பெயரும் அச்சிட்டிருக்கும், பொருளை மட்டும் காணோம்!

இனி யு.பி.எஸ். வாதம். மின்சாரம் நின்ற கணத்திலிருந்து பேட்டரிக்கு மாறுவதற்கு, வீடுகளில் வழங்கும் சாதாரண யு.பி.எஸ்.ஸுக்குச் சில மில்லி விநாடிகள் தேவைப்படுகின்றன. அந்த இடைவெளியைத் தன்னிடம் சேமித்த மின்னைக் கொண்டு கடத்திவிட வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கடமை; 1995-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். நெறியின்படி செய்யப்படும் பெட்டிகள் ஏறத்தாழ 16 மில்லி விநாடி வரையாவது அவ்வாறு தாங்கி நிற்க வேண்டும். உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டரைச் சிறிதாக்கிக் காசு மிச்சம் பிடித்த பெட்டியோ, அதற்குள் மூச்சை விட்டுவிடுகிறது, யு.பி.எஸ். பக்கத்திலேயே கூவிக்கொண்டிருக்க, கணினி அணைந்து மறுபடி தொடங்குகிறது. பிறகு யு.பி.எஸ். மீது பழி சுமத்துகிறோம்!

நடுவர் அவர்களே, எதிரணியாரின் தலையாய வாதம் கேபினட்டோடு வரும் பெட்டி என்பதல்லவா? காக்பர்ன் துரை சேலத்துக் கலெக்டராக இருந்த 1820-களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வளர்த்த மலை இது. இங்கே காப்பி வாங்குகிற வியாபாரி, மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டா பணம் எண்ணுகிறார்? ஒரு பிடி அள்ளி, ஈரம் பார்த்து, உடைசலும் கறுப்பும் எவ்வளவு என்று ஆராய்ந்து, அதன் பின்னரே விலை பேசுகிறார். அந்த விவேகத்தில் நூற்றில் ஒரு பங்கை இந்தப் பெட்டிக்கும் காட்டுங்கள் என்பதே என் விண்ணப்பம்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தாளைப் படிப்போம். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். அதன் கீழே சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டைப் பதினாறால் பெருக்குங்கள். 192 வாட்தான் வரும். இக்காலத்துக் கணினியின் செயலி முதலாய பசியுள்ள உறுப்புகள் யாவும் பெரும்பாலும் உண்பது அந்த 12 வோல்ட்டிலிருந்தே என்றால், 450 என்ற பெரிய எழுத்துக்கு என்ன மதிப்பு? பிறகு வயர்களைப் பாருங்கள். அவற்றின் மேல் அச்சிட்ட எண் 18 என்றால் தடித்த கம்பி, 22 என்றால் மெலிந்த கம்பி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உண்டா, 2004-இல் தொடங்கிய 80 பிளஸ் சான்று உண்டா, மூன்றாண்டேனும் வாரண்டி உண்டா என்று கேளுங்கள். 80 பிளஸ் என்பது மின்சாரம் வீணாகாமைக்குச் சான்றேயன்றிப் பாதுகாப்புக்குச் சான்றன்று என்பதையும் நினைவில் வையுங்கள். இவ்வளவுக்கும் ஆகும் காலம், கடையில் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்.

இந்த ஆராய்ச்சி செலவைக் கூட்டும் என்கிறார்கள். நான் குறைக்கும் என்கிறேன். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதவும், விடுதியில் விருந்தினர் பெயரைப் பதியவும், பிள்ளைகள் படிக்கவும் உதவும் கணினி, தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லாதவரையில், 150 வாட்டைத் தாண்டுவது அரிது; அதற்கு மெய்யான 300 வாட் பெட்டி தாராளமாகப் போதும் என்று அறிந்தவன், 750 வாட் பெட்டிக்குப் பணத்தை இறைக்க மாட்டான். மேலும் 100 வாட் தருவதற்கு 80 விழுக்காட்டுப் பெட்டி 125 வாட் இழுக்கும்; 65 விழுக்காட்டுப் பெட்டியோ 154 வாட் இழுக்கும். நாளைக்கு எட்டு மணி நேரமாக ஆண்டில் முந்நூறு நாள் ஓடினால், வித்தியாசம் ஏறத்தாழ 70 யூனிட். மலிவுப் பெட்டி நம்மிடம் ஆண்டுதோறும் வசூலிக்கும் வரி அது!

கெட்டால் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். தான் மட்டும் கெட்டு அடங்குவது நல்ல பெட்டியின் குணம். பாதுகாப்புச் சுற்று இல்லாத பெட்டியோ, போகிற போக்கில் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும், அவற்றிலுள்ள பல ஆண்டுக் கணக்கையும் உடன் கொண்டுபோகக்கூடியது. மாற்றுப் பெட்டிக்கு 20 கொண்டையூசி வளைவுகள் இறங்கிச் சேலம் போய் மீள வேண்டிய, இம்மலையிலுள்ள நாகலூர்க்காரருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் வேலையும் நஷ்டம். செல்வந்தன் தவறாக வாங்கினால் இன்னொன்று வாங்கிக்கொள்வான். ஒரு முறைதான் வாங்க முடிகிற ஏழைக்கே ஆராய்ச்சி அவசியம்.

ஆகவே நடுவர் அவர்களே, குறைந்த செலவில் வாங்குவோர்க்கு ஆராய்ந்து வாங்கும் வழக்கம் பயனுடையது மட்டுமன்று, இன்றியமையாதது என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். அவையோரே, தீர்ப்பு எவ்வாறாயினும், அடுத்த முறை கடைக்குப் போகும்போது கேபினட்டை மட்டும் வாங்குங்கள். பெட்டியைத் தனியே கேளுங்கள். 12 வோல்ட் வரியைப் பெருக்கிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.