கடிகாரத்துக்கு மாசச் சந்தாவா?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! 

தலைப்பு என்ன? 'மாதச் சந்தா கட்டித் தகவல் பெறும் கைக்கடிகாரம் வாங்கத் தக்கதா, வீண் செலவா?' நான் 'வீண் செலவே' என்ற அணியிலே பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னாலே சகோதரி ரொம்ப அழகாப் பேசினாங்க. கடிகாரம் மழை சொல்லுமாம், செய்தி சொல்லுமாம், நாடித் துடிப்பு சொல்லுமாம். ஆனா நடுவர் மணி அடிச்ச பிறகும் ரெண்டு நிமிஷம் பேசினாங்க. இத்தனையும் சொல்ற கடிகாரம், 'அம்மா, உங்க நேரம் முடிஞ்சு போச்சு'ன்னு மட்டும் சொல்லலே பாருங்க! (சிரிப்பு, கைதட்டல்)

எங்க ஊர்லே கப்பல் வேலைக்குப் போற தம்பி ஒருத்தன், விடுமுறைக்கு வந்தப்போ பளபளன்னு ஒரு கடிகாரம் கட்டிக்கிட்டு வந்தான். அவன் அம்மா கேட்டாங்க: "ஏல, என்ன விலை?" சொன்னான். "இதுக்குள்ளே சிம் இருக்கும்மா, அதுக்கு மாசாமாசம் தனியாப் பணம் கட்டணும்"ன்னான். அந்தம்மா கேட்டாங்களே ஒரு கேள்வி! "ஏல, அப்போ இது சொந்தக் கடிகாரமா, வாடகைக் கடிகாரமா?"

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்புக்கு அந்தக் கேள்வி ஒண்ணே போதும். ஆனா எனக்குக் கொடுத்த நேரம் இன்னும் இருக்கிறதனாலே, கணக்கோடு சொல்றேன்.

இந்தச் சந்தாக் கடிகாரம் நேத்துப் பிறந்த பிள்ளை இல்லே. 2004 ஜனவரியிலேயே அமெரிக்காவிலே கடைக்கு வந்துட்டுது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'ஸ்பாட்' என்று ஒரு தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. பில் கேட்ஸே மேடையேறி அறிமுகம் செய்தார். ஃபாசில், சுன்டோ போன்ற பெயர்பெற்ற கடிகாரக் கம்பெனிகள் செய்து கொடுத்தார்கள். நாம் பாட்டு கேட்கிறோமே பண்பலை வானொலி, அந்த அலைவரிசையின் ஓரத்திலே ஏற்றித் தகவலை அனுப்பினார்கள். செய்தித் தலைப்பு, வானிலை, பங்குச் சந்தை, விளையாட்டு முடிவு எல்லாம் மணிக்கட்டுக்கே வரும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லலே.

அதுக்குச் சந்தா எவ்வளவு தெரியுமா? மாதம் 9 டாலர் 95 சென்ட். வருஷத்துக்கு மொத்தமாக் கட்டினா 59 டாலர். கடிகாரம் வாங்கின விலை தனி! அதுவும் ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் மின்னேற்றணும். எங்க தாத்தா கட்டியிருந்த கடிகாரத்துக்குத் தினம் சாவி கொடுக்கணும், உண்மைதான். ஆனா சாவி கொடுக்கிறதுக்கு யாரும் அவர்கிட்டே பில் அனுப்பலே! (சிரிப்பு)

பிறகு என்ன ஆச்சு? 2008-லே அந்தக் கடிகார விற்பனையை நிறுத்தினார்கள். 2012 ஜனவரி முதல் தேதியோடு தகவல் சேவையையும் மூடினார்கள். 2004-லே வாங்கி, கடைசி நாள் வரைக்கும் நம்பிக் கட்டின ஒரு மனுஷனை நினைச்சுப் பாருங்க. எட்டு வருஷம், வருஷம் 59. மொத்தம் 472 டாலர். டாலருக்கு 45 ரூபாய்னு போட்டாலும் 21 ஆயிரம் ரூபாய்க்கு மேலே. 2012 புத்தாண்டு அன்னைக்குக் காலையிலே எழுந்து பார்க்கிறார். வானிலையும் இல்லே, செய்தியும் இல்லே. கடிகாரம் உடையவுமில்லே, தொலையவுமில்லே. கையிலேதான் இருக்கு. ஆனா வாங்கின காரணம் கையைவிட்டுப் போயிட்டுது! இதை வீண் செலவுன்னு சொல்லாம வேறென்னன்னு சொல்றது?

எதிரணி நண்பர் கேட்டார்: "கடலோரத்துக்காரர்களுக்குப் புதுமை என்றாலே பயமா?" ஐயா, புன்னைக்காயலைப் பத்தித் தெரியாம கேட்டுட்டீங்க. 1578-லே கொல்லத்திலே அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலைத் தந்த அன்றிக்கு அடிகளார் தங்கிப் பணி செய்த ஊர் எங்க ஊர். அச்சு இயந்திரம் தமிழுக்குப் புதுசா வந்தப்பவே அதோட உறவு கொண்டாடின ஊர். புதுமைக்கு நாங்க பகை இல்லே. ஆனா ஒண்ணு. அச்சுப் புத்தகத்தை ஒருதரம் வாங்கினா, மகன் படிக்கலாம், பேரன் படிக்கலாம். மாசம் முடிஞ்சா எழுத்து மறையாது!

இப்போ எங்க தொழிலுக்கு வர்றேன். மன்னார் வளைகுடாவிலே முத்துக் குளிச்ச பரம்பரை நாங்க. கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961-லே. அதுக்கப்புறம் சங்கு குளிக்கிறவங்க இருக்காங்க. அந்தக் காலத்திலே முத்துக் குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ளே இறங்குவான். மேலே வள்ளத்திலே ஒருத்தன் கயிற்றைப் பிடிச்சிருப்பான். அந்தக் கயிற்றை யார் கையிலே கொடுப்பாங்க தெரியுமா? எங்க பெரியவங்க சொல்வாங்க: கூடப் பிறந்த அண்ணன் தம்பி கையிலே கொடுக்க மாட்டான், மச்சான் கையிலே கொடுப்பான். பெண்டாட்டியோட உடன்பிறந்தவன் கையிலே! ஏன்? கீழே இருக்கிறவன் உயிர் போனா, மேலே இருக்கிறவன் தங்கச்சி தாலி போகும். அதனாலே அவன் கண் அசராது! (பலத்த கைதட்டல்)

கீழே மூச்சு முட்டுது. அவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுறான். மேலே மச்சான் இழுக்கிறான். இதுதான் ஐயா தகவல் தொடர்பு! கயிறுன்னு இருந்தா ரெண்டு பக்கமும் பேசணும். மேலேயிருந்து கீழே தொங்குது, கீழேயிருந்து சுண்டினா மேலே யாருக்கும் தெரியாதுன்னா, அதுக்குப் பேர் கயிறு இல்லே, அலங்காரத் தோரணம்!

அந்த 2004 கடிகாரம் அப்படித்தான் இருந்தது. செய்தி வரும், பதில் போகாது. நண்பர் அனுப்பின ரெண்டு வரி உங்க கைக்கு வரும். 'சரி'ன்னு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியாது. கேட்கிற காது உண்டு, பேசுற வாய் இல்லே. அதுக்கு மாசச் சந்தா!

இது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லே, நடுவர் அவர்களே. 2017 நவம்பர் கடைசியிலே ஓக்கி புயல் வந்தது. குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் அதுக்கு முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிட்டாங்க. கரையிலே எச்சரிக்கை கொடுத்தார்கள். கைப்பேசிக் கோபுரத்தின் வீச்சைத் தாண்டிக் கிடந்தவனுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? தமிழ்நாட்டிலேயும் கேரளத்திலேயும் நூற்றுக்கணக்கான பேர் வீடு திரும்பலே. அந்தக் கடலிலே, சிம் போட்ட கடிகாரம் கையிலே இருந்திருந்தா என்ன செய்திருக்கும்? மணி காட்டியிருக்கும். அவ்வளவுதான்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு, 2019-லே 'ஜெமினி' என்று ஒரு கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியா, கோபுரம் எட்டாத கடலிலேயும் புயல் எச்சரிக்கை வரும். வரவேற்கிறோம். ஆனா அதிலேயும் செய்தி வரும், போகாது. படகு கவிழ்ந்தா, 'நான் இங்கே கிடக்கிறேன்'னு சொல்ல வழியில்லே. பிறகு இஸ்ரோ உதவியோடு இருவழித் தொடர்புக் கருவி வந்தது. அதை ஒரு லட்சம் படகுகளிலே பொருத்த, 364 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 ஆகஸ்டிலே மத்திய அரசு தொடங்கியது. அது படகுக்காரன் காசு கொடுத்து வாங்கறது இல்லே, இலவசம். இப்போதான் கயிறு முழுசாச்சு! கீழேயிருந்தும் சுண்டலாம், மேலேயிருந்தும் இழுக்கலாம்.

அதேமாதிரி, ஐதராபாத்திலே இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், எந்தப் பக்கம் மீன் கூடும், அலை எவ்வளவு எழும்பும் என்று கணிச்சுச் சொல்லுது. அதுக்கும் சந்தா இல்லே. உயிருக்கும் பிழைப்புக்கும் வேண்டிய தகவல் இலவசமா வர்றப்போ, பங்குச் சந்தை ஏறுதா இறங்குதான்னு மணிக்கட்டிலே பார்க்க நான் ஏன் ஐயா மாசம் காசு கட்டணும்? எனக்கு ஏறி இறங்குறது கடல் ஒண்ணுதான்! (சிரிப்பு)

"கடலை விடுங்க, கரையிலே உதவுமே"ன்னு சொல்வீங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்குமா? எங்க பக்கத்து ஊர் காயல்பட்டினத்திலே ஒரே நாள்லே ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு வந்தது. ஆற்றின் முகத்திலே இருக்கிற எங்க ஊர் தீவாப் போச்சு. கரண்ட் இல்லே, கைப்பேசிக் கோபுரங்கள் பலதும் படுத்துட்டுது. கோபுரம் படுத்தா கைப்பேசியும் படுக்கும், கடிகாரமும் படுக்கும். தனிச் சந்தா கட்டினவனுக்குன்னு தனிக் கோபுரம் எழுந்து நிக்காது! அன்னைக்கு வந்து நின்னது மனுஷங்களும் படகுகளும்தான்.

சகோதரி ஒரு நல்ல வாதம் வச்சாங்க. அதை மதிக்கிறேன். "1995-லே கைப்பேசி வந்தப்போ நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும் கட்டணம். வர்ற அழைப்புக்கும் காசு. அன்னைக்கு வாங்கினவனைப் பார்த்தும் சிரிச்சீங்க. இன்னைக்கு எல்லார் கையிலும் இருக்கே!" உண்மை. ஆனா அதே 1995-லே பேஜர்னு ஒண்ணும் இந்தியாவுக்கு வந்ததே, அது எங்கே? இடுப்பிலே செருகிக்கிட்டு எவ்வளவு பெருமையா நடந்தாங்க! அதுக்கும் சந்தா உண்டு. கொஞ்ச வருஷத்திலே காணாமப் போச்சு. ரெண்டும் ஒரே வருஷத்துப் பிள்ளைங்க. ஒண்ணு பிழைச்சது, ஒண்ணு போச்சு. பேஜர் கூப்பிடும், பேசாது. கைப்பேசி பேசும். பதில் சொல்ல வழியிருந்தது நிலைச்சது. நீங்க வச்ச உதாரணமே என் பக்கம் வந்து உட்கார்ந்துட்டுது தாயே! (கைதட்டல்)

"வயசானவங்க கீழே விழுந்தா கடிகாரமே ஆளைக் கூப்பிடுமே"ன்னு கேட்டாங்க. நல்ல வசதி, மறுக்கலே. ஆனா அப்படிப்பட்ட கடிகாரம், பக்கத்திலே கைப்பேசி இருந்தா அது வழியாவே கூப்பிடும். கைப்பேசிக்கு ஏற்கனவே காசு கட்டியாச்சு. அதே வீட்டுக்குள்ளே கடிகாரத்துக்கும் இன்னொரு சந்தா எதுக்கு? தனியா, கைப்பேசி இல்லாம வெளியே போற வயசாளிக்கு அது உதவும். அவருக்கு வாங்கிக் கொடுங்க, நானே கடைக்குக் கூட வர்றேன். ஆனா இன்னைக்குச் சந்தா கட்டி வாங்கறவங்க எல்லாம் அவர்தானா? கல்லூரிக்குப் போற பையன், 'மாப்பிள்ளைக்குப் போடணும்'னு கேட்கிற சம்பந்தி, இவங்கதானே!

ஆக, முடிவாச் சொல்றேன். சந்தாக் கடிகாரம்னு ஒருத்தர் நீட்டினா, மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, நான் சுண்டினா மேலே யாருக்காவது தெரியுமா? ரெண்டு, கோபுரம் எட்டாத இடத்திலே இது வேலை செய்யுமா? மூணு, நாளைக்குக் கம்பெனி கடையைச் சாத்தினா என் கையிலே என்ன மிஞ்சும்? மூணுக்கும் நல்ல பதில் வந்தா தாராளமா வாங்குங்க. வரலேன்னா, அந்தச் சந்தாப் பணத்தை மாசாமாசம் ஒரு உயிர் காக்கும் மிதவை அங்கிக்குச் சேர்த்து வையுங்க. ஒருதரம் வாங்கினா போதும். கடல்லே விழுந்தவனைப் பார்த்து அது 'சந்தா கட்டினியா'ன்னு கேட்காது, தூக்கி மிதக்க வைக்கும்!

ஆகவே, மாதச் சந்தா கட்டும் கைக்கடிகாரம் வீண் செலவே, வீண் செலவே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.