தடைக்காலமும் தேர்வு முடிவும்

(பாம்பனில் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரச் செவிலியர் ஆற்றிய உரை)



நான் வந்தாலே தடுப்பூசி, சத்துணவு, குடும்பக் கட்டுப்பாடு என்றுதான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்று வேறு விஷயம். பெற்று, பாடுபட்டு, பதினைந்து பதினாறு வயது வரைக்கும் வளர்த்துவிட்ட பிள்ளையை உயிரோடு காப்பாற்றி வைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். கேட்கச் சங்கடமாக இருக்கும். இருந்தாலும் பேசித்தான் ஆகவேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அரசாங்கம் வைத்திருக்கும் தடை அது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வழக்கமாக எப்போது வருகின்றன? மே மாதத்தில். கையில் காசு இல்லை, வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார், அப்பா நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார், சில வீடுகளில் குடியும் கூடிவிடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் மார்க்கு வருகிறது. "நான் கடல்ல சாகுறேன், நீ படிச்சு என்னத்தைக் கிழிச்சே?" என்று ஒரு வார்த்தை வந்துவிடுகிறது. சொன்னவருக்கு அது சாயங்காலமே மறந்துபோகும். கேட்ட பிள்ளைக்கு மறக்காது.

தேர்வில் தோற்றதால் மட்டும் எந்தப் பிள்ளையும் உயிரை வெறுப்பதில்லை. வீட்டுச் சண்டை, அவமானம், தனிமை, யாரிடமும் சொல்ல முடியாத பயம், மனச்சோர்வு நோய் எல்லாம் பல நாள் சேர்ந்து கிடக்கும். அப்பா இலங்கையில் சிறைப்பட்டிருக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் கல்யாணம் பேசப்படும் பெண் பிள்ளைகளும் உண்டு. கடைசியாக வந்த சங்கதியை மட்டும் பார்த்து, "மார்க்குக்காகவா இப்படி?" என்று நாம் ஆச்சரியப்படுகிறோம்.

மிகவும் நொந்துபோன மனதுக்கு ஒரே ஒரு கதவுதான் தெரியும். மற்ற கதவுகள் திறந்தே இருந்தாலும் கண்ணில் படாது. அமெரிக்காவில் பார்பரா பிரெட்ரிக்சன் என்ற உளவியல் பேராசிரியை 1998-இல் இதன் மறுபக்கத்தை எடுத்துச் சொன்னார். சந்தோஷம், நன்றி, பாசம், பெருமிதம் போன்ற நல்லுணர்ச்சிகள் மனதை விரிக்கின்றன. விரிந்த மனதுக்கு வேறு வழிகள் தென்படும். அப்படி அனுபவித்த நல்ல நேரங்கள் உள்ளே சேமிப்பாக நின்று, கெட்ட நாளில் கைகொடுக்கும் என்றார். சீட்டுப் பணம் மாதிரிதான். முன்கூட்டியே கட்டியிருந்தால்தான் அவசரத்துக்கு எடுக்க முடியும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரைச் சொல்லமாட்டேன். பையன் கணக்கில் தவறிவிட்டான். அப்பா திட்டினார், அம்மா அழுதாள். பையன் சாப்பிடவில்லை, பந்தாட வரவில்லை, ஆசையாக வளர்த்த புறாக்களை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டான். அதைக் கவனித்தது அவனுடைய அத்தைதான். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்பா, செத்துப்போகலாம்னு மனசுல இருக்கா?" என்று நேராகவே கேட்டாள். பையன் உடைந்து அழுதான். ராத்திரி முழுக்க அவனைத் தனியே விடவில்லை. மறுநாள் என்னிடம் கூட்டி வந்தார்கள், நான் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். பிறகு அப்பா செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மகனைக் கூட உட்காரவைத்து வலையில் கிழிசல் பொத்தினார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லையாம். மூன்றாம் நாள், "உன் கை என் கையைவிட வேகமாப் போகுதுடா" என்றாராம். பையன் சிரித்தான் என்று அம்மா வந்து சொன்னாள். அந்தச் சிரிப்பு மருந்துக்குப் பதில் ஆகாது. ஆனால் மருந்தோடு சேர்ந்து வேலை செய்யும்.

நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படவேண்டாம். அப்படி ஆவதில்லை. கேட்டால் பாரம் குறைகிறது. பதில் எப்படி வந்தாலும் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.

அன்புக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், உயிரை வெறுத்து மருத்துவமனைக்கு வந்து, பிறகு சிகிச்சையைத் தொடர மறுத்தவர்களில் ஒரு பாதிப் பேருக்கு அவ்வப்போது நாலு வரிக் கடிதம் அனுப்பினார். நலமா என்ற விசாரிப்புத்தான். பதில் போடு, ஆஸ்பத்திரிக்கு வா என்று எதுவும் கேட்கவில்லை. முதல் இரண்டு வருஷத்தில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலைகள் குறைவாக இருந்தன. நாலு வரிக் கடிதத்துக்கே அந்தப் பலன் என்றால், ஒரே கூரைக்குள் இருக்கும் நீங்கள் என்னென்ன செய்யலாம்?

தினம் ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். அப்போது மார்க்கும் கடனும் பேசவேண்டாம். பிள்ளை செய்த ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "ஆத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தியே" என்றால் மனதில் நிற்கும். பாசி எடுக்கப் போகும் தாய்மார்களே, அலுப்போடு திரும்பும்போது மகள் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டுப் போங்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பிள்ளை காதில் விழ வைக்காதீர்கள். பெரியவர்கள் சிரிக்காத வீட்டில் பிள்ளை எங்கே போய்ச் சிரிப்பான்?

தேர்வில் தவறியவர்களுக்கு ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு வந்துவிடுகிறது. தேறினால் அதே வருஷம் மேலே படிக்கலாம். 2017 முதல் தமிழ்நாட்டில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே அரசு நிறுத்திவிட்டது. நாம்தான் தெருவில் இன்னும் ரேங்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பூச்சிமருந்து, எலிமருந்து எதையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமென்றால் பூட்டி, சாவியைப் பெரியவர் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் மாத்திரைகளுக்கும் இதே விதி. அந்தக் கெட்ட வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும்.

மனநல மருத்துவர் என்றதும் சிலருக்கு ஏர்வாடியும் சங்கிலியும்தான் ஞாபகம் வருகிறது. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் 28 பேர் இறந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அரசு மருத்துவமனையில் நடப்பது பேச்சும் மாத்திரையும்தான், சங்கிலி கிடையாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் உயிரை மாய்க்க முயன்றவரைத் தண்டிக்காமல் பராமரிக்கச் சொல்கிறது. ஏதாவது நடந்துவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-க்குப் பேசுங்கள்.

14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். 104-க்கும் பேசலாம். பிள்ளையும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

தேர்வு முடிவு வரும் நாளில் நான் காலை முதலே துணை சுகாதார நிலையத்தில் இருப்பேன். மார்க்கு எவ்வளவு என்று கேட்கமாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். டீ உண்டு.