நட்பும் வாக்குச் சீட்டும்

பள்ளிக்கூடத்துத் தேர்தலை விளையாட்டு என்று கருதுவோர் உளர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் உழன்ற எனக்கு அது ஒருநாளும் விளையாட்டாகத் தோன்றியதில்லை. சட்டமன்றத் தேர்தலில் எதிரெதிராக நிற்பவர்கள் பெரும்பாலும் மேடையளவில்தான் ஒருவரையொருவர் அறிவர். பள்ளியிலோ, ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே பொட்டலத்துச் சோற்றைப் பகிர்ந்து உண்ட இருவர் போட்டியிட நேரிடுகிறது. ஒருவன் குறை மற்றவனுக்குத் தெரியும். வீட்டு நிலை தெரியும். யாருக்கும் தெரியாமல் அழுததுகூடத் தெரியும். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

நம் முன்னோர் இதற்கு வேறொரு வழி கண்டிருந்தனர். உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்குவர். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் கையை விட்டு ஓர் ஓலையை எடுப்பான். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருத்தல் வேண்டும். முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் இடமில்லை. இம்முறையில், “அவனை விட்டு எனக்கே தருக” என்று எவனும் அண்டை வீட்டானிடம் சென்று கேட்க வேண்டியதில்லை. குடம் யாரையும் புண்படுத்தாது. ஆயினும் நிலமும் வேதக் கல்வியும் உடையோர் பெயர்க்கே அந்தக் குடத்தில் இடமிருந்தது என்பதையும் மறத்தலாகாது. எல்லோரும் நிற்கலாம், எல்லோரும் கேட்கலாம் என்ற இன்றைய உரிமை பெரிது. அதற்குரிய விலையும் இருக்கிறது.

நிற்க. 2003-ஆம் ஆண்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவர் இருவர் மாணவர் தலைவர் பதவிக்கு நின்றனர். ஒருவன் அரிசிக் கடைக்காரர் மகன். மற்றவன் தாய் வயல் வேலைக்குச் செல்பவர். நாள்தோறும் இருவரும் ஒரே மிதிவண்டியில் வருவார்கள். வண்டி முன்னவனுடையது, மிதிப்பவன் பின்னவன். பெயர் கொடுத்த மறுநாள் ஒருவன் வண்டியில் வந்தான். மற்றவன் நடந்து வந்தான். நான் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை.

நான்காம் நாள் காலை கரும்பலகையில் கொட்டை எழுத்தில், “ஓசி நோட்டுக்காரனுக்கா ஓட்டு?” என்று எழுதப்பட்டிருந்தது. விசாரித்தேன். ஆண்டுதோறும் சூன் மாதத்தில் அரிசிக் கடைக்காரர் மகன் தன் கைக்காசில் நண்பனுக்கும் சேர்த்துக் குறிப்பேடுகள் வாங்கி வந்தானாம். இது அவ்விருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. எனவே எழுதியவன் யார் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. வகுப்பு முழுதும் பார்க்க அவனை நிறுத்தி, “கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறவன் கொடுக்காதவனினும் இழிந்தவன்” என்று கடிந்தேன். அவன் தலை குனிந்து நின்றான், மறுக்கவில்லை. மறுக்காமையையே நான் ஒப்புதலாகக் கொண்டேன்.

இரண்டு நாட் கழித்து, ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அழுதுகொண்டு என் அறைக்கு வந்தான். எழுதுபொருட் கடையில் அவ்விருவரையும் கண்டவன் அவனே, வீட்டில் சொல்லியிருக்கிறான், அவன் அண்ணன் பலகையில் எழுதிவிட்டான். உடனே அரிசிக் கடைக்காரர் மகனை அழைத்து, “அன்றே ஏனப்பா மறுக்கவில்லை?” என்று கேட்டேன். அவன் சொன்னான்: “ஐயா, எழுதியது நான் இல்லை. ஆனால் முந்தின இரவு, இதை வெளியே விட்டால் ஜெயித்துவிடலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். அதனால் வாய் எழவில்லை.”

வழக்கறிஞரும் நீதிபதியும் நானே ஆகி, சான்றின்றித் தண்டனையும் வழங்கியவன் நான். மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் சிலர்க்கு அது பிடிக்கவில்லை. இருக்கட்டும்.

அவன் போட்டியிலிருந்து விலகிக் கொள்வதாகச் சொன்னான். தடுத்தவன் அவன் நண்பனே. “அவன் விலகினால், நோட்டோடு பதவியையும் அவனே எனக்குக் கொடுத்ததாகிவிடும், ஐயா. வேண்டாம்” என்றான். பதினைந்து வயதுப் பிள்ளையின் இந்தச் சொல் இன்றும் என் செவியில் இருக்கிறது.

நண்பனின் அந்தரங்கத்தை ஆயுதமாக்காமை எவ்வளவு அரிது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஓர் இணையைக் காட்டலாம். இராஜாஜியும் பெரியாரும் அரசியலில் எதிர்த்திசையில் நின்றவர்கள். முன்னவர் 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைப் பின்னவர் முழுமூச்சாக எதிர்த்தார். 1954-இல் இராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். அவ்விருவரே 1949-இல் திருவண்ணாமலையில் தனித்து உரையாடியவர்கள். அங்கே பேசியது யாது எனத் தம் இயக்கத்தாரே துளைத்துக் கேட்டபோதும், அது சொந்த விஷயம் என்றே பெரியார் சொல்லிவிட்டார். 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தபோது, 93 வயதான பெரியார் இறுதிச் சடங்குக்குச் சென்று கண்ணீர் விட்டார்.

எங்கள் பள்ளித் தேர்தலில் அரிசிக் கடைக்காரர் மகன் ஒன்பது வாக்குகளில் வென்றான். மறுநாளே இருவரும் ஒரே வண்டியில் வந்தனர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லை. ஒரு மாதத்திற்கு மேல் ஒருவன் நடந்தே வந்தான். அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு, மழை பெய்த ஒரு காலை, பள்ளி வாயிலில் அந்த மிதிவண்டி வந்து நின்றது. இம்முறை மிதித்து வந்தவன் வண்டிக்காரன். பின்னால் இரண்டு பைகளையும் நனையாமல் அணைத்தபடி மற்றவன் அமர்ந்திருந்தான். நான் ஏதும் கேட்கவில்லை. மணி அடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.