மருந்துக்கும் ஒரு வருகைப் பதிவேடு

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை)



உடல்நலம் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். "நன்றாகச் சாப்பிடுங்கள், நேரத்தோடு தூங்குங்கள், தினமும் நடங்கள்" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவையா? தெரியும். தெரிந்தும் தொடங்குகிறோம், பாதியில் விட்டுவிடுகிறோம். மறுபடி தொடங்குகிறோம், மறுபடி விட்டுவிடுகிறோம். ஏன் இப்படி? விடாமல் இருக்க என்ன வழி? இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இங்கே மேசை மேல் அடுக்கியிருக்கும் பரிசுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தேர்வில் முதலாவதாக வந்தவருக்கு. மற்றொன்று, ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூடத் தவறாமல் பள்ளிக்கு வந்தவருக்கு. முதல் பரிசுக்குக் கைதட்டல் அதிகம். இரண்டாவதுக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் உடம்பு என்று வரும்போது, உயிரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பரிசுக்குரிய குணம்தான். அதற்குக் காசநோயைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

காசநோய், சயரோகம், டீபி என்று எந்தப் பெயரால் அழைத்தாலும் ஒரு காலத்தில் நம்மவர் குலைநடுங்கிய நோய் அது. நம் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் 1948-இல், நாற்பத்திரண்டாம் வயதில், இந்த நோய்க்கே பலியானார். ஐசோனியாசிட் என்னும் நல்ல மருந்து புழக்கத்துக்கு வந்தது 1952-இல். நான்கே ஆண்டு முன்பின்! மருந்து இல்லாத காலத்து மனிதர் அவர். மருந்து இருக்கிற காலத்தில் பாதியில் விடுகிறவர்களை என்னவென்று சொல்வது?

சிங்கப்பூரில் இந்த நோயின் வரலாறு நம் சிராங்கூன் சாலையோடும் கலந்தது. ஏழை நோயாளிகளுக்காக 1844-இல் அடிக்கல் நாட்டப்பட்ட டான் டோக் செங் மருத்துவமனை, 1860-களில் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடும் இடத்துக்கு வந்தது. 1909-இல் மோல்மீன் சாலைக்கு மாறியது. பழைய இடத்தில்தான் குவோங் வை ஷியு மருத்துவமனை எழுந்தது. தேக்காவிலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம். போருக்குப்பின் 1947-இல் காசநோய் ஒழிப்புக்கென்றே சாட்டா என்னும் சங்கம் தொடங்கப்பட்டது. மோல்மீன் சாலைக்கு மூட்டையோடு போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று பெரியவர்களைக் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும்.

இப்போது மருந்து இருக்கிறது. தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலோர் முழுக்கக் குணமடைகிறார்கள். அப்படியானால் சிக்கல் எங்கே?

ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். லாரி ஓட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரமாக இருமல், மாலையில் காய்ச்சல், உடம்பு இளைக்கிறது. எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள், காசநோய் என்றார்கள். பயந்துபோய் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். சிறுநீர்கூடச் செம்மஞ்சளாகப் போகிறது. அது ரிபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. மெல்ல இருமல் நிற்கிறது. பசி எடுக்கிறது. சட்டை மறுபடி பொருந்துகிறது. மூன்றாம் மாதம் வருகிறது. "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" என்கிறார்.

ஆபத்து வருவது இந்த இடத்தில்தான், கவனியுங்கள். நோய் முற்றிய நாளில் யாரும் மருந்தை மறப்பதில்லை. பயமே நினைவூட்டிவிடும். நலம் திரும்பும்போதுதான் மனம் தளர்கிறது. அப்போது உடம்புக்குள் வேகமாகப் பெருகும் கிருமிகள் செத்திருக்கும். மந்தமாக உறங்கிக் கிடக்கும் சில கிருமிகள் மட்டும் மிச்சமிருக்கும். அவற்றைத் தீர்க்கத்தான் மீதி மாதங்கள். விட்டுவிட்டால் அவை எழுந்து வரும். மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டால், மருந்துக்கே அடங்காத கிருமிகளாகவும் மாறி வரலாம். பிறகு சிகிச்சை நீளும், மருந்தும் கடுமையாகும்.

"ஆறு மாதம் என்று யார் கணக்குப் போட்டது?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கணக்கில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1970-களில் சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவைத் துறையும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து, சிங்கப்பூர் நோயாளிகளிடம் நான்கு மாதச் சிகிச்சையையும் ஆறு மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்டுப் பார்த்தன. நான்கு மாதத்தோடு நிறுத்தியவர்களில் நோய் திரும்பியவர்கள் கூடுதல். ஆறு மாதம் முடித்தவர்களில் மிகக் குறைவு. ஆக, அந்தக் கடைசி இரண்டு மாத மாத்திரைகள் வீண் மாத்திரைகளே அல்ல என்று உலகுக்குக் காட்டியவர்களில் நம் ஊர் நோயாளிகளும் உண்டு. அண்மை ஆண்டுகளில் சிலருக்கு ஏற்ற வேறு மருந்துகளோடு நான்கு மாத முறை ஒன்றும் வந்திருக்கிறது. ஆனால் யாருக்கு எத்தனை மாதம் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். நம் இருமல் நின்றுவிட்டதை வைத்து நாமாக முடிவு கட்டக்கூடாது.

சரி, ஆறு மாதம் மனம் தளராமல் இருப்பது எப்படி? "மன உறுதி வேண்டும்" என்று சொல்லிவிடுவது எளிது. மன உறுதி என்பது கடல்நீர் மாதிரி. ஏறும், வற்றும். வற்றுகிற நாளில் நம்மைத் தாங்குவது எது? அதற்கு விடை தேட ஒரு நிமிடம் சென்னைக்குப் போய் வருவோம்.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை கூடி நடத்தியவை அங்கே நடந்த ஆய்வுகள். காசநோய் என்றால் சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுத்து, பால், முட்டை, நல்ல காற்று என்று இருந்தால்தான் பிழைக்கலாம் என்று அப்போது நம்பினார்கள். ஏழைக்கு அது நடக்கிற காரியமா? ஆகவே 193 நோயாளிகளை எடுத்து, ஒரு பகுதியினரைச் சானட்டோரியத்திலும், மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான ஒற்றை அறைகளில், அரைவயிற்றுச் சோற்றோடு இருந்த எளிய மக்கள்.

1959-இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்திருந்தார்கள். வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. நல்ல சாப்பாடு வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. வசதி இல்லை என்பதற்காக ஏழை தோற்றே தீரவேண்டும் என்பதில்லை, மருந்து ஒழுங்காக உள்ளே போனால் அவனும் பிழைப்பான் என்பதே பொருள்.

ஆனால் அந்த வீட்டு நோயாளிகளை மருத்துவர்கள் "மன உறுதியோடு இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளில், வாரத்துக்கு இரண்டு நாள் நோயாளி மையத்துக்கு வந்து, ஊழியர் கண்முன்னே மருந்து பெறும் முறையையும் சோதித்தார்கள். இந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான், தாதியின் கண்முன்னே மாத்திரையை விழுங்கும் முறை. பின்னாளில் அது உலகெங்கும் பரவியது.

மனிதர்களைப் போலவே நாடும் நலம் திரும்பியதும் சற்றுக் கண் அசரும் போலிருக்கிறது. சிங்கப்பூரில் 1960-இல் ஒரு லட்சம் பேருக்கு 307 பேர் என்றிருந்த காசநோய், 1987-இல் 56 ஆகக் குறைந்தது. பெரும் சாதனை! அதன்பின் பத்தாண்டுக் காலம் அது அசையாமல் அங்கேயே நின்றுவிட்டது. 1997-இல் காசநோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்கு அருகிலுள்ள பாலிகிளினிக்கிலேயே தாதியின் முன் மருந்து சாப்பிடும் ஏற்பாட்டைப் பரவலாக்கினார்கள். 2007-இல் 35 வரை இறங்கியது. மறுபடி சற்று ஏறியது. இன்றும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இங்கே நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆகவே ஏற்ற இறக்கம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் உரியதல்ல.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. விடியுமுன் பெரட்டில் நின்று, கிராணி பேர் போட்டால்தானே அன்றைக்குச் சம்பளம்! இன்று மனசு சரியில்லை என்று எந்தப் பால்மரமும் காத்திருக்காது. அதேபோல ஒரு நாள் மழை அடித்துப் பெய்தால் வெட்டு இல்லை. அதற்காக யாராவது மரத்தையே விட்டுவிட்டுப் போனதுண்டா? அடுத்த வெட்டு நாளில் அதே கோட்டில் கத்தியை வைத்துத் தொடருவோம். மருந்திலும் அப்படித்தான். ஒரு நாள் தவறிவிட்டால், "போச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு" என்று மொத்தமாக விடாதீர்கள். இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்து விழுங்கவும் வேண்டாம். தாதியிடம் உள்ளதைச் சொல்லுங்கள், எப்படித் தொடர்வது என்று அவர் சொல்வார். வாந்தியோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மறைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

சர்க்கரை நோய்க்கும் இதே பாடம் பொருந்தும். 2010-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், சிங்கப்பூர் இந்தியர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு அது இருந்தது. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று நான் எண்ணப் போவதில்லை! சர்க்கரை கட்டுக்கடங்காதவருக்குக் காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். இதிலே ஆறு மாதத்தோடு முடிவு என்பதும் கிடையாது. ஆனால் ஓர் ஆறுதல் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் இரத்தச் சோதனை ஒரே நாளின் கணக்கைக் காட்டுவதில்லை. நம் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்பவை. அந்த நாள்களின் சராசரியே அதில் தெரிகிறது. தீபாவளியன்று இரண்டு லட்டு தின்றதற்காக மனம் உடையவேண்டாம். சோதனைக்கு முந்திய இரண்டு நாள் பட்டினி கிடந்து ஏமாற்றவும் முடியாது. அதுவும் ஒரு வருகைப் பதிவேடுதான்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் தனித்தட்டு, தனித்தம்ளர் என்று ஒதுக்கிவைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. தட்டிலும் தம்ளரிலும் இது பரவுவதில்லை, இருமும்போது காற்றில் பரவுவது. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து தொற்றும் அபாயமும் நீங்கிவிடும். ஒதுக்கப்படுகிறவர் நோயை மறைப்பார். மறைப்பவர் மருந்தை விடுவார். தம்ளரைத் தனியாக வைக்கிற நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்று கேளுங்கள். முதலாளிமார் யாரேனும் இங்கே இருந்தால், மருந்துக்குப் போகும் தொழிலாளியின் அரை நாள் கூலியைப் பிடிக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் வேலை உண்டு. சமையலறைச் சுவரில் நாள்காட்டி தொங்குகிறதல்லவா? தாத்தாவோ அப்பாவோ மாத்திரை சாப்பிட்டதும் அன்றைய தேதியில் நீங்கள் ஒரு கோடு போடுங்கள். வகுப்பில் ஆசிரியர் உங்கள் பேரைக் கூப்பிடுகிற மாதிரி, வீட்டில் நீங்கள் அவர்கள் பேரைக் கூப்பிடுங்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அந்த அடி ஒவ்வொன்றும் சிறியதுதான், ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு வாய் மாத்திரையும்தான்.

இந்த மண்டபத்தில் யாருக்காவது மூன்று வாரமாக இருமல் இருந்தால், நாளைக் காலையில் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். யாராவது மருந்தைப் பாதியில் நிறுத்தியிருந்தால், வெட்கப்படாமல் திரும்பப் போங்கள். அங்கே உங்களைத் திட்ட மாட்டார்கள், விட்ட இடத்திலிருந்து என்ன செய்யலாம் என்றுதான் பார்ப்பார்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட மாணவர்களுக்கே ஒரு பரிசு கொடுக்கலாம். இனி உங்கள் பரிசுகளுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.